சொந்த ஊரில் தோற்ற மந்திரி பெசார்

ஜொகூருக்கு ஆளுநர் கிடையாது. பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆகிய நான்கு மாநிலங்களில்தான் அப்படியொரு பதவி உண்டு. மற்ற ஒன்பது மாநிலங்களில் பரம்பரை ஆட்சியாளர் இருக்கிறார். அவருக்குக் கீழே அரசாங்கத்தை நடத்துகிறவர் மந்திரி பெசார். தமிழ்நாட்டு நண்பர்களுக்குச் சொல்வதென்றால் ஏறக்குறைய முதலமைச்சர். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 1895-இல் சுல்தான் அபு பக்கார் காலத்தில் ஜொகூர் தனக்கென ஓர் அரசியலமைப்பை எழுதிக்கொண்டது. மலாய்த் தீபகற்பத்தில் எழுத்தில் வந்த முதல் அரசியலமைப்பு அதுதான். அந்த வழியில் வந்த விதிப்படி மந்திரி பெசார் மலாய்க்காரராகவும் முஸ்லிமாகவும் இருக்க வேண்டும். தேவை ஏற்பட்டால் இந்த நிபந்தனையைத் தளர்த்தும் உரிமை சுல்தானுக்கு உண்டு. ஜொகூரில் இதுவரை அதற்குத் தேவை வந்ததில்லை.

அதாவது, நம் வீட்டுப் பிள்ளை எவரும் உட்கார்ந்திராத நாற்காலி அது. பிறகு அதைப் பற்றி ஒரு தமிழன் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர், எழுபது ஆண்டுகளுக்கு முன்பு, "நம் கட்சிக்குள் மற்றவர்களும் வரட்டும்" என்றார். அதற்காகத் தன் கட்சியையே இழந்தார். பிறகு சொந்த ஊரிலேயே தோற்றார். அவர் பெயர் டத்தோ ஓன் ஜாபார். நம் வரலாற்றுப் பேச்சில் அவர் எப்போதும் மலாய் தேசியத்தின் தலைவராக மட்டும் வருகிறார். ஆனால் நாம் இன்று நிற்கிற இடம் எப்படி அமைந்தது என்பதற்கு அவருடைய தோல்விதான் ஒரு நல்ல ஆவணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அண்மைக்காலத்திலிருந்து தொடங்குகிறேன். 2022 மார்ச் 12 அன்று ஜொகூரில் மாநிலத் தேர்தல். பதினெட்டு வயதினர் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் அது. அப்போது மந்திரி பெசாராக இருந்த ஹஸ்னி முகமட்தான் தேசிய முன்னணியின் மந்திரி பெசார் வேட்பாளர். அவர் முகத்தை முன்வைத்தே கட்சி பிரச்சாரம் செய்தது. 56 இடங்களில் 40-ஐ தேசிய முன்னணி வென்றது. பெனுட் தொகுதியில் ஹஸ்னியும் வென்றார். மூன்றாம் நாள், மார்ச் 15 அன்று, பதவியேற்றவர் வேறொருவர். மச்சாப் தொகுதியில் வென்ற ஓன் ஹாபிஸ் காசி. இளையவருக்கு வழிவிடுவதாக ஹஸ்னியே விலகிக்கொண்டார். அரண்மனை ஒப்புதல் தந்தது. "போஸ்டர்ல ஒருத்தர், நாற்காலியில இன்னொருத்தரா?" என்று என் வயது நண்பர்கள் கேட்டார்கள். எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "பேரப் பாருங்கடா. ஓன்னு இருக்குல்ல?" என்றார்.

அந்தப் பெயரைப் பின்தொடர்ந்து போனால் ஐந்து தலைமுறை விரிகிறது. ஓன் ஹாபிஸ், துன் உசேன் ஓனின் மகள் வயிற்றுப் பேரன். உசேன் ஓன் 1976 முதல் 1981 வரை நாட்டின் மூன்றாவது பிரதமர். உசேனின் தந்தைதான் ஓன் ஜாபார். 1940களின் பிற்பாதியில் ஜொகூர் மந்திரி பெசார், அம்னோவின் முதல் தலைவர். ஓனின் தந்தை ஜாபார் ஹாஜி முகமட், 1886-இல் பதவிக்கு வந்த ஜொகூரின் முதல் மந்திரி பெசார். ஓனின் அண்ணன்கள் அப்துல்லாவும் முஸ்தபாவும்கூட அதே நாற்காலியில் இருந்தவர்கள். நான் பொறியியல் படித்த பாரிட் ராஜா பல்கலைக்கழகமே துன் உசேன் ஓன் பெயரைத் தாங்கியது. எங்கள் பட்டச் சான்றிதழில் அச்சாகியிருக்கும் 'ஓன்' அந்தத் தந்தையின் பெயர். பாரிட் ராஜா இருப்பது பத்து பகாட் மாவட்டத்தில். ஓனின் அரசியல் தொடங்கியதும் அதே மாவட்டத்தில்தான்.

*

ஓன் ஜாபார் 1895-இல் ஜொகூர் பாருவில் பிறந்தார். மாநில அரசியலமைப்பு எழுதப்பட்ட அதே ஆண்டு. அவருடைய தாயார் ருகாயா ஹானிம், ஒட்டோமான் பேரரசிலிருந்து ஜொகூர் அரண்மனைக்கு வந்து சேர்ந்த சிர்க்காசியப் பெண். அவருடைய முந்தைய திருமணங்களின் வழியில் வந்த பேரர்களில் பொருளியலாளர் உங்கு அசிஸும் சமூகவியலாளர் சையட் உசேன் அலாத்தாசும் உண்டு. 'சோம்பேறி பூர்வகுடி' என்பது காலனியம் கட்டிய கதை என்று நூலெழுதி நிறுவியவர் அலாத்தாஸ். மலாய் தேசியத்தைக் கட்டி எழுப்பியவரின் தாய்வழி காக்கசஸ் மலைப்பக்கம் போகிறது என்பதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. ஜொகூர் அரண்மனை வட்டம் அப்படித்தான் இருந்தது. யார் உள்ளே, யார் வெளியே என்ற கோடு அங்கே இரத்தத்தால் மட்டும் போடப்படவில்லை.

சுல்தான் இப்ராஹிம் அவரைத் தன் பிள்ளையைப் போல வளர்த்தார். (இவர் இன்றைய மாமன்னரின் கொள்ளுத்தாத்தா, பெயர் ஒன்றே என்பதால் சொல்கிறேன்.) சிறுவயதில் இங்கிலாந்துப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்து கோலாகங்சார் மலாய்க் கல்லூரியில் கொஞ்ச காலம். பிறகு ஜொகூர் அரசு வேலை. அரண்மனையில் வளர்ந்தவர் அரண்மனைக்கு அடங்கித்தான் இருப்பார் என்று எதிர்பார்ப்போம். 1927-இல் சிங்கப்பூரின் ஆங்கில ஏடொன்றில் ஜொகூர் நிர்வாகத்தை விமர்சித்து எழுதினார் ஓன். சுல்தான் அவரை நாடு கடத்தினார். பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் 1930-இல் 'வார்த்தா மலாயா' நாளிதழின் ஆசிரியரானார். பிறகு 'லெம்பாகா மலாயா'. மலாய்க்காரர் வாழ்வு, கல்வி, வறுமை, அதிகாரிகளின் போக்கு என்று ஓய்வில்லாமல் எழுதினார். 1936-இல் சுல்தானே திரும்ப அழைத்துக்கொண்டார். ஒரே மனிதர் அரண்மனைச் செல்லப்பிள்ளையாகவும் நாடு கடத்தப்பட்ட பத்திரிகையாளராகவும் இருந்தார். பின்னால் அவர் செய்த காரியங்களில் இந்த இரண்டு பேரும் மாறி மாறி எட்டிப் பார்ப்பதைக் காணலாம்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்து நிலைகொள்ளும்வரை ஓர் இடைவெளி. காட்டிலிருந்து வெளியே வந்த கம்யூனிஸ்ட் கெரில்லாப் படை ஊர்களைக் கைப்பற்றி, ஜப்பானியருக்கு உதவியவர்கள் என்று பலரைத் தண்டித்தது. படையில் பெரும்பான்மை சீனர்கள். தண்டிக்கப்பட்டவர்களில் பலர் மலாய்க்காரர்கள். பத்து பகாட், மூவார் பகுதிகளில் இது இனக் கலவரமாக மாறியது. கியாய் சாலே என்ற சமயத் தலைவரின் கீழ் சிவப்புத் துண்டு அணிந்த மலாய்ப் படை ஒன்று திரண்டது. அந்த நாட்களில் பத்து பகாட் மாவட்ட அதிகாரியாக இருந்தவர் ஓன். இரு தரப்போடும் பேசினார். கியாய் சாலேயை நேரில் கண்டு, பழிவாங்கும் தாக்குதலை நிறுத்தச் சொன்னார். பெரிய படுகொலையொன்று தவிர்க்கப்பட்டதில் அவருக்குப் பங்கு உண்டு என்பதை வரலாற்றாசிரியர்கள் ஏற்கிறார்கள்.

ஓனின் அரசியலை நான் இங்கிருந்துதான் வாசிக்க விரும்புகிறேன். பல இனங்கள் ஒன்றாக வாழ வேண்டும் என்ற எண்ணம் அவருக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. வாழாவிட்டால் என்ன ஆகும் என்பதை மாவட்ட அதிகாரியின் மேசையில் உட்கார்ந்து பார்த்தவர் அவர்.

*

ஆனால் நம் கணக்கேட்டில் ஓன் பெயரில் விழுந்த முதல் பதிவு பற்று. வரவு அல்ல.

1946 ஏப்ரல் 1 அன்று பிரிட்டிஷ் அரசு மலாயன் யூனியனை அமைத்தது. சுல்தான்களின் அதிகாரத்தைப் பறிக்கும் ஒப்பந்தங்களில் ஹெரால்ட் மெக்மைக்கேல் கையெழுத்து வாங்கியிருந்தார். முதலில் கையெழுத்திட்டவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம், 1945 அக்டோபரில். ஜொகூர் மலாய்க்காரர்கள் கொதித்தார்கள். நாட்டை அந்நியரிடம் ஒப்படைக்க ஆட்சியாளருக்கு உரிமை இல்லை என்று 1895 அரசியலமைப்பைக் காட்டிச் சுல்தானையே கேள்வி கேட்டார்கள். ஓன் பத்து பகாட்டில் ஒரு மலாய் இயக்கத்தைத் தொடங்கினார். மார்ச்சில் கோலாலம்பூரில் மலாய் அமைப்புகளின் மாநாடு. 1946 மே 11 அன்று ஜொகூர் பாரு பெரிய அரண்மனையில் அம்னோ பிறந்தது. ஓன் அதன் தலைவர்.

மலாயன் யூனியனில் இன்னொரு பகுதி உண்டு. மலாயாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவர்களுக்கும், முந்தைய 15 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கும் இன பேதமில்லாமல் குடியுரிமை கொடுப்பதாக அது சொன்னது. ரெங்கம், லாயாங் லாயாங், குளுவாங், லாபிஸ், சிகாமட் பக்கத் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த நம் ஆட்களில் பெரும்பாலானோர் அதற்குள் வந்திருப்பார்கள். அம்னோவின் போராட்டம் வென்றது. 1948 பிப்ரவரி 1 அன்று மலாயா கூட்டரசு வந்தது. குடியுரிமை சுருங்கியது. பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும், மலாயோ ஆங்கிலமோ தெரிந்திருக்க வேண்டும், விண்ணப்பிக்க வேண்டும் என்று நிபந்தனைகள் ஏறின. தமிழ் மட்டுமே தெரிந்த தோட்டத் தொழிலாளிக்கு அந்த விண்ணப்பத் தாள் ஒரு மதில்.

நாம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம்? 1946 ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரஸ், இன்றைய ம.இ.கா., ஜான் திவியின் தலைமையில் தொடங்கியது. அதன் கண் பாதி இந்திய விடுதலையின் மேல் இருந்தது. டான் செங் லோக் தலைமையில் உருவான கூட்டு நடவடிக்கை மன்றத்தில் ம.இ.கா.வும் சேர்ந்து, கூட்டரசுத் திட்டத்தை எதிர்த்தது. 1947 அக்டோபர் 20 அன்று மலாயா முழுக்கக் கடையடைப்பு. பிரிட்டிஷ் அரசு அசையவில்லை. மறுபக்கம் பெரும்பான்மை மலாய்க்காரர்களும் ஓனும் நின்றார்கள். ஆகவே அவரை நம் தோழராக மாற்றிச் சொல்வது வரலாற்றுக்குச் செய்யும் அநியாயம்.

என் தாத்தாவிடம் அந்தக் காலத்துத் தேர்தல்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். "ஓட்டா? எங்கப்பாகிட்ட கடைசி வரைக்கும் சிவப்பு ஐசிதான்டா" என்பார். சிவப்பு அடையாள அட்டை என்றால் இங்கே வசிக்கலாம், வேலை செய்யலாம், வாக்களிக்க முடியாது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருக்காது. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது போலச் சொல்வார்.

*

இரண்டாவது பதிவு இதற்கு நேர்மாறானது.

1948 ஜூனில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. காட்டில் போர். சீனர்கள் எல்லாரும் கம்யூனிஸ்டுகள் என்றும், மலாய்க்காரர்கள் எல்லாரும் பிரிட்டிஷ் பக்கம் என்றும் நாடு இரண்டாகப் பிளக்கும் ஆபத்து. 1945-இல் பத்து பகாட்டில் பார்த்தது நாடு முழுக்க நடக்கலாம். அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் ஜொகூர் பாருவில் ஓனின் வீட்டிலேயே மலாய், சீனத் தலைவர்கள் கூடிப் பேசினார்கள். அப்போது அவர்தான் மந்திரி பெசார். 1949-இல் அந்தச் சந்திப்பு சமூகங்களின் தொடர்புக் குழுவாக விரிந்தது. தலைவர் யார் தெரியுமா? ஈ. ஈ. சி. துரைசிங்கம். இலங்கைத் தமிழ் வம்சாவளி வழக்கறிஞர். பிரிட்டிஷ் தரப்பில் மால்கம் மெக்டொனால்ட் பின்னாலிருந்து ஊக்கினார்.

அந்தக் குழுவில் நடந்த பேரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். மலாய்க்காரர்களின் பொருளாதார உயர்வுக்கு மற்றவர்கள் தோள் கொடுக்க வேண்டும். மற்றவர்களின் குடியுரிமைக்கு மலாய்க்காரர்கள் வழிவிட வேண்டும். ஓனுடைய முன்னுரிமைகள் அப்போது இந்த வரிசையில் இருந்தன: மலாய்க்காரர்கள் சொந்த நாட்டில் ஏழைகளாக நின்றுவிடக் கூடாது, இனங்களுக்கிடையே இரத்தம் சிந்தக் கூடாது, அதன் பிறகு சுதந்திரம். மூன்றாவதை அடைய முதல் இரண்டும் வேண்டும் என்று அவர் நம்பினார். ஒன்றுபட்ட மக்கள் இல்லாமல் பிரிட்டிஷ்காரன் சாவியைக் கொடுக்க மாட்டான் என்பது அவர் கணக்கு.

1950-இல் மந்திரி பெசார் பதவியை விட்டார். மாநில வேலையும் கட்சி வேலையும் சேர்ந்து இழுத்தபோது அவர் கட்சியைத் தேர்ந்தெடுத்தார். அதே ஆண்டு குடியுரிமைத் தளர்வை அம்னோவுக்குள் எதிர்த்தார்கள். ஓன் தலைவர் பதவியைத் துறந்தார். கட்சி பதறி, ஆகஸ்டில் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தது. அவர் அத்தோடு நிற்கவில்லை. அம்னோவின் பெயரில் இருந்த 'மலாய்க்காரர்' என்ற சொல்லை 'மலாயர்' என்று மாற்றலாம் என்றார். மலாய்க்காரர் என்றால் ஓர் இனம். மலாயர் என்றால் மலாயாவைத் தன் நாடாகக் கொண்ட எவரும். ஒரு சொல்லின் வால் பகுதிதான் மாறுகிறது. கட்சியின் வாசல் முழுக்கத் திறந்துவிடுகிறது.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் 'மலாய் வாழ்க' என்று முழங்கிக் கூட்டிய கூட்டத்தைப் பார்த்து அதே மனிதர் இதைச் சொன்னார். கூட்டம் மறுத்தது. 1951 ஆகஸ்டில் ஓன் வெளியேறினார். துங்கு அப்துல் ரஹ்மான் தலைவரானார். அம்னோவின் முழக்கம் 'மெர்டேக்கா' ஆனது. கட்சியின் பெயர் மாறவில்லை.

1951 செப்டம்பர் 16. கோலாலம்பூர் மெஜஸ்டிக் ஹோட்டலில் ஓன் மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். எந்த இனத்தவரும் உறுப்பினராகலாம். பத்து ஆண்டுகளுக்குள் சுதந்திரம் என்பது இலக்கு. டான் செங் லோக் ஆதரித்தார். துரைசிங்கம் ஆதரித்தார். ம.இ.கா.வும் அவர் பக்கம் நின்றது. சுருக்கமாகச் சொன்னால், ஒரு மலாய்த் தலைவர் வாசலைத் திறந்தபோது முதலில் உள்ளே போனவர்களில் நாமும் இருந்தோம். பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் இந்த வரி தடித்த எழுத்தில் வருவதில்லை.

*

ஐந்தே மாதத்தில் விடை வந்தது. 1952 பிப்ரவரி 16 அன்று கோலாலம்பூர் நகராட்சித் தேர்தல். அம்னோவின் நகரக் கிளையும் ம.சீ.ச.வின் நகரக் கிளையும் கைகோத்தன. கொள்கை உடன்பாடு ஏதும் இல்லை; தொகுதிகளைப் பிரித்துக்கொண்டார்கள். 12 இடங்களில் கூட்டுக்கு 9. ஓனின் கட்சிக்கு 2. ஒரு சுயேச்சை. அந்த உள்ளூர் ஏற்பாடுதான் வளர்ந்து கூட்டணிக் கட்சியானது. அதுவே பின்னால் தேசிய முன்னணி. அதன் வெற்றிதான் 2022-இல் ஓனின் கொள்ளுப்பேரனை மந்திரி பெசாராக்கியது.

இந்தத் தோல்விக்குப் பிறகு ஓன் என்ன செய்தார் என்பது நம்மில் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிற பகுதி. அவர் கசந்துபோனார். 1953-இல் ம.சீ.ச.வையும் சீன அமைப்புகளையும் கடுமையாகத் தாக்கிப் பேசினார். 1954-இல் பழைய கட்சியை மூடிவிட்டு 'பார்ட்டி நெகாரா'வைத் தொடங்கினார். குடியேற்றத்தையும் மலாய்க்காரர் அல்லாதவர்களின் குடியுரிமையையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று பேசும் கட்சி அது. எந்தக் கதவுக்காக அம்னோவை விட்டாரோ அந்தக் கதவை அவர் கையாலேயே சாத்தினார்.

ஏன்? குணக் கேடு என்று சொல்லலாம். நான் வாக்காளர் பட்டியலைப் பார்க்கிறேன். ஒரு கட்டுமானம் விழுந்தால் கட்டியவரின் ஒழுக்கத்தைப் பேசுவதற்கு முன், பாரம் எந்த வழியாக எங்கே இறங்கியது என்று பார்ப்பது என் தொழிலில் வழக்கம். 1955 ஜூலை 27 பொதுத் தேர்தலில் பதிவான வாக்காளர்கள் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம். அவர்களில் 84 சதவீதம் மலாய்க்காரர்கள். நாட்டு மக்கள்தொகையிலோ அவர்கள் பாதி அளவுதான். யாருக்காக ஓன் கதவைத் திறந்தாரோ அவர்களில் பெரும்பாலோரிடம் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாமல் போனதற்கு 1946 – 48-இல் அவரே நடத்திய போராட்டமும் ஒரு காரணம். முதலில் அவர் சுருக்கிய வாசல் வழியாகத்தான் பின்னால் அவருக்கான ஆதரவு வந்தாக வேண்டியிருந்தது. வரவில்லை. ஆகவே ஓட்டு உள்ளவர்களின் பக்கம் திரும்பினார். அங்கே அவர் இடத்தில் அம்னோ ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

52 இடங்களில் கூட்டணிக்கு 51. மீதி ஒன்று பாஸ் கட்சிக்கு. பார்ட்டி நெகாராவுக்கு ஒன்றுமில்லை. ஓன் ஜொகூர் பாருவில் நின்றார். அவர் பிறந்த ஊர், தந்தையும் அண்ணன்களும் அவரும் மந்திரி பெசாராக இருந்த ஊர், அம்னோவை அவர் பிறப்பித்த ஊர். அம்னோ வேட்பாளர் சுலைமான் அப்துல் ரஹ்மானிடம் பெரும் வித்தியாசத்தில் தோற்றார்.

*

இந்த இடத்தில் ஒரு சுலபமான முடிவுக்கு வரலாம். மலாய் வாக்காளர்களுக்கு மற்ற இனத்தவரைப் பிடிக்கவில்லை, அதனால் ஓன் தோற்றார் என்று. ஆனால் அதே தேர்தலின் இன்னொரு எண் இதை மறுக்கிறது. கூட்டணி நிறுத்திய 52 வேட்பாளர்களில் 15 பேர் சீனர், 2 பேர் இந்தியர். 84 சதவீதம் மலாய்க்காரர்கள் இருந்த வாக்காளர் பட்டியல் இந்த 17 பேரையும் வெற்றிபெறச் செய்தது. அந்த இருவரில் ஒருவர் வீ. தி. சம்பந்தன். தேர்தலுக்குப் பிறகு துங்குவின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார்.

ஆக, நிராகரிக்கப்பட்டது நாம் அல்ல. நாம் உள்ளே வரும் முறை நிராகரிக்கப்பட்டது. ஓன் சொன்னது உறுப்பினர் முறை: ஒரே கட்சி, ஒரே அட்டை, உள்ளே வந்து போட்டியிடு. கூட்டணி சொன்னது பங்காளி முறை. நம் கிராமத்து வளவுகளைப் போல: ஒரே முற்றம், தனித்தனி அடுப்பு. ஒவ்வொரு அடுப்புக்கும் இத்தனை படி அரிசி என்று பெரியவர் அளந்து கொடுப்பார். ம.இ.கா. 1954-இல் மலாயா சுதந்திரக் கட்சியின் பக்கத்தை விட்டு இரண்டாவதில் சேர்ந்தது. அன்றைய நிலையில் அது தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஓனே மாறிவிட்டார். ஓட்டில்லாத மக்களின் தலைவர்கள் நிச்சயமான இரண்டு இடங்களை விட்டுவிட்டு நிச்சயமில்லாத ஒரு கனவைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. சுதந்திரத்தை ஒட்டிக் குடியுரிமை விரிந்ததும் இந்தப் பங்காளிப் பேரத்தின் வழியாகத்தான்.

ஆனால் பங்காளி முறைக்கு ஒரு குணம் உண்டு. அளந்து கொடுத்த அரிசியைப் பற்றி மட்டுமே அது பேச வைக்கும். முற்றத்தை யார் ஆள்வது என்ற பேச்சு நம் அடுப்படிக்கு வராது. எழுபது ஆண்டுகளாக ஜொகூர்த் தமிழர்களின் தேர்தல் பேச்சைக் கவனியுங்கள். எத்தனை சட்டமன்ற இடம், ஆட்சிக்குழுவில் ஓர் இந்தியர் உண்டா, தமிழ்ப்பள்ளிக்கு எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு. எல்லாம் தேவையானவை. ஆனால் இஸ்கண்டார் வட்டாரத்தின் நிலம் எப்படித் திட்டமிடப்படுகிறது, ஜொகூர் பாருவில் வீட்டு விலை ஏன் இளைஞர் சம்பளத்துக்கு எட்டவில்லை, தினமும் விடியற்காலையில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு மாநிலம் என்ன செய்யப்போகிறது என்பதெல்லாம் ஏனோ 'நம் பிரச்சினை' பட்டியலில் ஏறுவதில்லை. விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் அந்தப் பாலத்தில் நிற்பவர்களில் எத்தனை பேர் நம் பையன்கள்!

*

இனி சட்டத்துக்குத் திரும்புவோம். மந்திரி பெசார் மலாய் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற விதி ஒன்று. மந்திரி பெசாரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் கட்சிக்குள் யார் உறுப்பினராகலாம் என்பது முற்றிலும் வேறொன்று. முதலாவது அரசியலமைப்பில் இருக்கிறது. இரண்டாவதை எந்த அரசியலமைப்பும் கட்டாயப்படுத்தவில்லை. கட்சிகளே எழுதிக்கொண்டவை அவை. நாம் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, "நமக்கு அங்க இடமில்லப்பா" என்று மொத்தமாகக் கைகழுவுகிறோம்.

2018-ஐப் பாருங்கள். பக்காத்தான் ஹராப்பான் ஜொகூரை முதன்முதலாக வென்றது. 56-இல் 36. அதில் ஜ.செ.க. 14, அமானா 9, பெர்சத்து 8, பி.கே.ஆர். 5. மந்திரி பெசார் 8 இடம் பெற்ற பெர்சத்துவிலிருந்து வந்தார். அமானாவும் பி.கே.ஆரும் மலாய்த் தலைவர்கள் உள்ள, எல்லா இனத்தவரும் சேரக்கூடிய கட்சிகள்தான். நாற்காலி அந்தப் பக்கம் போகவில்லை. 1959 முதல் 2022 தேர்தல் வரை ஜொகூரின் மந்திரி பெசார்கள் அனைவரும் இரண்டே கட்சிகளிலிருந்து வந்தவர்கள்: அம்னோ, பெர்சத்து. இரண்டிலும் என்னைப் போன்ற ஒருவர் முழு உறுப்பினராகச் சேர முடியாது.

1951-இல் ஓன் கேட்டது அந்த நாற்காலியில் ஒரு தமிழரை உட்கார வைக்க வேண்டும் என்பதல்ல. அப்படி அவர் நினைத்ததாகவே தெரியவில்லை. நாற்காலிக்கு ஆளை அனுப்பும் வீட்டில் எல்லாருக்கும் பேச்சுரிமை இருக்கட்டும் என்றுதான் கேட்டார். அளவில் சிறிய கோரிக்கை. ஆழத்தில் பெரியது.

ஓன் முழுவதுமாக மறைந்துவிடவில்லை. 1959-இல் தொலைவான கோலத் திரங்கானு செலாத்தான் தொகுதியில் நின்று நாடாளுமன்றத்துக்குப் போனார். 1962 ஜனவரி 19 அன்று ஜொகூர் பாருவில் இறந்தார். தந்தையோடு 1951-இல் அம்னோவை விட்டு வந்த உசேன் ஓன் 1968-இல் திரும்பச் சேர்ந்து, எட்டே ஆண்டுகளில் பிரதமரானார். கட்சி குடும்பத்தைத் திரும்ப ஏற்றுக்கொண்டது. அந்தக் குடும்பத்தின் மூத்தவர் கேட்ட கேள்வியை மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. இன்று ஜொகூர் பாருவின் வடக்கே ஒரு குடியிருப்பு நகரமே அவர் பெயரில் இருக்கிறது. அங்கே நம்மவர்களும் வங்கிக் கடனில் வீடு வாங்கியிருக்கிறார்கள்.

ஓன் ஹாபிஸ் 2018-இல் முதலில் வென்ற தொகுதி லாயாங் லாயாங். சுற்றிலும் தோட்டங்கள். ஒரு காலத்தில் ஓட்டில்லாத தமிழர்கள் பால் வெட்டிய மண். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் நீல அட்டை இருக்கிறது, பதினெட்டு வயதிலேயே தானாக வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிவிடுகிறது. 1955-இன் கணக்கு இனி பொருந்தாது.

அதனால் அடுத்த முறை ஒரு மந்திரி பெசார் வேட்பாளர், எந்தக் கட்சியாக இருந்தாலும், நம் பகுதி மண்டபத்துக்கு வந்து இந்தியர்களுக்கு என்னென்ன செய்வேன் என்று பட்டியல் வாசிக்கும்போது, வாசித்து முடிக்கட்டும். நன்றி சொல்வோம். அதற்குப் பிறகு யாராவது ஓர் இளைஞர் எழுந்து ஒன்றே ஒன்றைக் கேட்க வேண்டும்: "டத்தோ, உங்கள் கட்சியில் நான் உறுப்பினராகச் சேரலாமா?" அதற்கு 1951-லேயே ஒரு முன்னாள் ஜொகூர் மந்திரி பெசார் சேரலாம் என்று பதில் சொல்லியிருக்கிறார்.